கடைசிப் பதினான்கு பக்கங்கள்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஓர் இலக்கியப் பரிசின் நெடும்பட்டியல் வெளியானது. பத்து மணி நான்கு நிமிடத்துக்கு எங்கள் வட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது.

நான்கு நிமிடம்! பட்டியலில் பன்னிரண்டு புத்தகங்கள். அவற்றின் தலைப்புகளை வாசித்து முடிக்கவே எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. எழுபத்தாறு வயதுக் கண்...

எங்கள் குழுவை உங்களில் சிலருக்குத் தெரியும். இந்தப் பத்தியில் முன்பும் அதைத் திட்டியிருக்கிறேன். முப்பத்தெட்டு வாசகர்கள். பெரும்பாலும் இணுவில், மருதனார்மடம் பக்கத்து ஆட்கள். பருத்தித்துறையில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர். மாதம் ஒரு புத்தகம் வாசித்து, மாதக் கடைசிச் சனிக்கிழமை மருதனார்மடம் சந்திக்கு அருகில் ஒரு ரியூசன் கொட்டகையில் கூடிக் கதைப்பது திட்டம். கூடுவதும் கதைப்பதும் ஒழுங்காக நடக்கின்றன.

பட்டியல் வந்தவுடன் முதலில் பாய்ந்தவர்கள் வாழ்த்துக்காரர்கள். கைகூப்பு, பூங்கொத்து, பட்டாசு. யாரை வாழ்த்துகிறார்கள்? பட்டியலில் உள்ள ஒருவர்கூட எங்கள் குழுவில் இல்லை. கலியாண வீடு எது என்று தெரியாமலே கண்ட வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற கூட்டம் இது. அவர்களுக்குப் பின்னால் கணக்கெடுப்பவர்கள் வந்தார்கள் – வடக்குக்கு எத்தனை, கிழக்குக்கு எத்தனை, மலையகத்துக்கு எத்தனை என்று. புத்தகத்தைத் திறக்காமலே எண்ணக்கூடிய ஒரே விஷயம் அதுதானே? ஒருவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதினார்: “எல்லாம் முதலே முடிவெடுத்த விஷயம்.”

நான் ஒரு கேள்வி போட்டேன். “இதில் எத்தனை புத்தகம் வாசித்திருக்கிறீர்கள்?”

இருபது நிமிடம் குழுவில் மூச்சில்லை. பிறகு கௌரி ரீச்சர் ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பினார். ‘இனிய காலை வணக்கம்.’

சண்டையைத் திரும்பத் தொடக்கியவர் செல்வநாதன். குழுவை நடத்துபவர். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதினார்: “எங்கடை பருத்தித்துறைத் தவமலரின்ரை நாவல் பட்டியலிலை இல்லை. ஆரும் கவனிச்சனீங்களோ?”

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. ‘திட்டமிட்ட புறக்கணிப்பு’ என்றார் ஒருவர். ‘கடலோரப் பெண்ணின் குரல் நசுக்கப்படுகிறது’ என்றார் இன்னொருவர். ரொறன்ரோவிலிருந்து ஜெயந்தன் ஒரு கண்டன அறிக்கையே எழுதி அனுப்பிவிட்டார். அங்கே அப்போது விடியவும் இல்லை. இருபத்திரண்டு பேர் கீழே பெயர் போட்டார்கள். அந்த நாவல் அபாரமானது, ஆழமானது, மண்வாசனை உள்ளது...

பதினொன்றரை மணிக்குத் தவமலர் எழுதினார். எங்கள் குழுவின் பருத்தித்துறை ஆள் அவர்தான். எப்போதாவது ஒரு வரி எழுதுவார்.

“எல்லாருக்கும் நன்றி. ஆனால் நான் நாவல் எழுதிப் பன்னிரண்டு வருசம். இந்தப் பட்டியல் போன வருசம் வந்த புத்தகங்களுக்கு.”

வெட்கம் வந்திருக்க வேண்டும், இல்லையா? ஜெயந்தன் உடனே எழுதினார்: “அப்படியானால் பன்னிரண்டு வருடங்களாகத் தொடரும் புறக்கணிப்பைக் கண்டிப்போம்.” அதற்கும் பெயர் விழுந்தது.

கௌரி ரீச்சர்தான் கேட்கவேண்டியதைக் கேட்டார். “ஏன் அக்கா பிறகு எழுதேல்லை?”

தவமலர் குரல்பதிவு ஒன்று அனுப்பினார். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் காகங்களும் கேட்டன. “அப்ப ஒரு பரிசுக்கு அனுப்பினனான், ரீச்சர். நடுவர் ஒராள் முடிவு சரியில்லை எண்டு குறிப்பு எழுதியிருந்தார். அவரிலை பிழையில்லை. எனக்குத்தான் விளங்கிற மாதிரி எழுதத் தெரியேல்லை. பிறகும் எழுதிப் பார்த்தனான்... சரிவரேல்லை.”

இப்போது குழுவுக்கு அடிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். “ஆர் அந்த நடுவர்? பேரைச் சொல்லுங்கோ.” “உவங்கள் ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.” “மேடையிலை சால்வை போர்க்க மட்டும் முன்னுக்கு வருவினம்.” செல்வநாதன் என்னை இழுத்தார். “சேர், ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள்? நீங்களும் வேறை போட்டிகளிலை நடுவரா இருந்தனீங்கள்தானே.”

நான் எழுதினேன். எழுத்துப்பிழை பார்த்து, இரண்டு தரம் வாசித்து, அனுப்பினேன்: “ஒரு படைப்பாளியின் பேனாவை நிறுத்திய அந்த நடுவர், யாராக இருந்தாலும், வெட்கப்பட வேண்டும்.”

பத்தொன்பது கட்டைவிரல்கள். கீழே தவமலர் எழுதியிருந்தார்: “நன்றி சேர்.”

அந்த நடுவர் நான்தான்.

சொல்லிவிட்டேன். இருபது வருடமாக இந்தப் பத்தியில் வாசிக்காதவர்களைத் திட்டி வந்திருக்கிறேன். நீங்களும் அதை ரசித்துக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு என்னைத் திட்டுகிற முறை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பரிசுக்காரர்கள் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பினார்கள். முப்பத்தொன்று. ஆறு வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதவேண்டும். நடுவர்களின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். அதனால்தான் தவமலருக்கு இன்றுவரை என்னைத் தெரியவில்லை. பெயர் வெளியே வராது என்றால் மனிதன் கவனமாக வேலை செய்வானா, கவனமில்லாமல் செய்வானா? உங்கள் அனுபவத்தைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு விடை தெரியும்.

ஐந்து வாரம் பெட்டியைத் திறக்கவில்லை. ஆறாவது வாரம், ஒரு விடுமுறை நாளில், மேசையில் அடுக்கிக்கொண்டு இருந்தேன். அணிந்துரை, பின்னட்டை, முதலாவது பக்கம். பிறகு குறிப்பு. அடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எட்டுப் புத்தகம் முடிந்துவிட்டது. மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சநேரம் நின்று பார்த்தா.

“இஞ்சருங்கோ, உதுகளை வாசிக்கிறியளோ, எண்ணுறியளோ?”

“உமக்கு உது விளங்காது” என்றேன். அவவுக்கு விளங்கினது எனக்குத்தான் விளங்கவில்லை.

இந்த வித்தையை நான் அங்கே கற்கவில்லை. எங்கள் ஊர் நூல் வெளியீடுகளில் கற்றது. உங்களுக்குத் தெரியாததா? காலையில் புத்தகம் கைக்கு வரும், பின்னேரம் நயவுரை. பேசுகிறவருக்கு அணிந்துரைதான் துணை. அணிந்துரை எழுதியவரே புத்தகத்தை முழுக்க வாசித்தாரா? அதை யார் கேட்பது? அவர் சொன்னதை இவர் மேடையில் சொல்வார். இவர் சொன்னதைப் பத்திரிகை எழுதும். பத்திரிகை எழுதியதை நாங்கள் குழுவில் பகிர்வோம். புத்தகம் மட்டும் ஓரமாக, ஒருவராலும் திறக்கப்படாமல், சுகமாக இருக்கும்.

தவமலரின் நாவலுக்கு அணிந்துரை எழுதியவர் பெரிய பேராசிரியர். இப்போது உயிருடன் இல்லை. பெயர் வேண்டாம். கதை, பருத்தித்துறையில் கடலுக்குப் போன புருசன் திரும்பி வராத அன்னம் என்ற பெண்ணைப் பற்றியது. ‘இறுதியில் அன்னம் கடலுக்குள் இறங்கித் தன் உயிரை முடித்துக்கொள்கிறாள், அலைகள் அவளைத் தாயைப் போல அணைத்துக்கொள்கின்றன’ என்று அவர் உருகியிருந்தார். நான் அதை வாசித்தேன். குறிப்பில் எழுதினேன்: ‘கதைத்தலைவியின் சாவு வலிந்து திணிக்கப்பட்ட முடிவு. ஆசிரியர் வாழ்க்கையை இன்னும் உற்றுப் பார்க்கவேண்டும்.’

உற்றுப் பார்க்கவேண்டும்! இந்தச் சொல்லை எழுதும்போது நான் பார்த்தது மணிக்கூட்டை.

அந்தக் குறிப்புகளைப் பரிசுக்காரர்கள், எழுத்தாளர்களுக்குப் பயன்படட்டும் என்று, பெயரை நீக்கிவிட்டு அவரவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான்.

சரி, இந்த மாதத்துக்கு வருகிறேன். சண்டை ஓய்ந்த அன்று பின்னேரமே செல்வநாதன் அறிவித்தார் – இந்த மாதப் புத்தகத்தைத் தள்ளிவைத்து, தவமலரின் நாவலை வாசிப்போம், அவரையும் கூட்டத்துக்கு அழைப்போம். முப்பத்தெட்டுப் பேரும் சம்மதம்.

எங்கள் சம்மதத்தின் பெறுமதி உங்களுக்குத் தெரியவேண்டும். ஒவ்வொரு வருடமும் தை பிறக்க முன்பே செல்வநாதன் ஓர் எக்செல் அட்டவணை அனுப்புவார். பன்னிரண்டு மாதங்கள், எல்லோருடைய பெயர்களும். வாசித்து முடித்தால் பச்சை, வாசித்துக்கொண்டிருந்தால் மஞ்சள், தொடங்காவிட்டால் சிவப்பு. இந்த வருடம் மாசி மாதம் பார்த்தேன் – ஒருவர் மார்கழிக்கும் பச்சை அடித்திருந்தார். மார்கழிக்கு என்ன புத்தகம் என்று அப்போது முடிவாகவே இல்லை.

படம் போடுகிறவர்களும் உண்டு. கௌரி ரீச்சரின் படம் எப்போதும் அழகு. புத்தகம், பக்கத்தில் பால் விடாத பிளேன்ரீ, ஒரு வடை. பங்குனிப் படத்தில் அடையாள நாடா எந்தப் பக்கத்தில் இருந்ததோ, வைகாசிப் படத்திலும் அதே பக்கத்தில்தான். வடை மட்டும் மாறியிருந்தது.

விற்காமல் வீட்டில் இருந்த பிரதிகளில் பத்தைத் தவமலர் கட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். எனக்கு ஒன்று தர செல்வநாதன் வீட்டுக்கு வந்தார்.

“என்னட்டை இருக்கு” என்றேன்.

“ஓ... அப்ப முதலே வாசிச்சிட்டியள்! சேர் எண்டால் சேர்தான்.”

நான் அதை மறுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. முதுகில் ஐந்து என்ற இலக்கம் ஒட்டியபடி. பரிசுக்காரர் ஒட்டியது. செவ்வாய்க்கிழமை காலை எடுத்துக்கொண்டு இருந்தேன். அணிந்துரையைத் தாண்டிப் போனேன்.

எப்படிச் சொல்ல? எனக்கு அந்த நாவல் கோபத்தை ஊட்டியது – நல்லதாக இருந்ததால். ஒரு வசனம்கூட அழவில்லை. அன்னம் அழுவதற்கு நேரமில்லாத பெண். மீன் ஏலத்தில் ஆண்களோடு மல்லுக்கட்டுவா. தன் வீட்டு வாசலில் வந்து இரங்குகிறவர்களுக்குக் கருவாட்டைக் கொடுத்து, “இருந்து கதைக்கிற நேரம் இதிலை மண்ணைத் தட்டுங்கோ” என்பா. சிரித்தேன். அடுத்த அறையிலிருந்து மனைவி, “என்ன, இண்டைக்கு உண்மையாவே வாசிக்கிறியள் போலை” என்றா.

கடைசிக்கு முந்திய அத்தியாயம் இப்படி முடிகிறது: ‘அன்னம் கடலுக்குள் இறங்கினாள்.’

அதற்குப் பிறகு பதினான்கு பக்கங்கள் இருக்கின்றன.

பக்கத்தைத் திருப்பினால், அன்னம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரைக்கு வருகிற வள்ளத்தின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறா. ஆட்கள் காணாது என்று இறங்கியிருக்கிறா. இழுத்து முடிய, ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு, மீன் கூடையோடு யாழ்ப்பாணம் போகிற முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறா. புத்தகம் முழுவதிலும் யாரும் சாகவில்லை. காணாமற்போன புருசன்கூட, அவ மனத்தில், வரப் பிந்துகிறவன்தான்.

பேராசிரியர் அத்தியாயக் கடைசி வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். ‘கடலுக்குள் இறங்கினாள்’ என்றதும் சாகடித்துவிட்டார். நான் அவரை நம்பி, அந்தச் சாவு சரியில்லை என்று எழுதியிருக்கிறேன்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்சநேரம் நடந்தேன். தவமலருக்குப் போன் எடுக்கலாம். இலக்கம் குழுவில் இருக்கிறது. எடுக்கவில்லை. கூட்டம் முடிந்தபிறகு தனியே கூப்பிட்டு, மெல்லச் சொல்லிவிடலாம்... ஒருவருக்கும் தெரியாமல். கோழைத்தனத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும்தானே?

போன சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி. ரியூசன் கொட்டகை. கரும்பலகையில் காலை வகுப்பு விட்டுப்போன இரசாயனச் சமன்பாடு. மர வாங்குகளில் பதினொரு பேர். தவமலரை நேரில் காண்பது அதுதான் முதல் தடவை. ஐம்பது வயது சொல்லலாம். கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறார். மடியில் தடித்த நீலநிறப் பைல். நான் பக்கத்தில் போனதும் எழும்பினார்.

“சேர், அண்டைக்கு நீங்கள் எழுதினது பெரிய ஆறுதலா இருந்தது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் பரவாயில்லை” என்றேன்.

செல்வநாதன் தொடங்கினார். கையில் தாள். “இந்த நாவலின்ரை உச்சம் அன்னத்தின்ரை சாவு. அலைகள் அவளைத் தாயைப் போல அணைத்துக்கொள்கின்றன...” நாவலில் எந்த அலையும் எவரையும் அணைக்கவில்லை. அணிந்துரையில் மட்டும்தான். அடுத்தவரும் சாவைப் பற்றியே பேசினார். அதற்கடுத்தவர், அன்னம் செத்ததற்குச் சமூகம் என்ன பதில் சொல்லப்போகிறது என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கௌரி ரீச்சருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

“அவ கடலுக்கை இறங்கிற இடத்திலை என்னாலை ஏலாமல் போச்சுது. புத்தகத்தை மூடி வைச்சிட்டன்.”

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் பேசப்பட்ட ஒரே உண்மை அது. மூடித்தான் வைத்திருக்கிறா.

நான் தவமலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாவது ஆள் பேசும்போது நிமிர்ந்து இருந்தவர், மூன்றாவது ஆளுக்குப் பைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரீச்சர் கண்ணைத் துடைத்தபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினோம் – அவவை எழுதிப் பெற்றவரின் முன்னால்.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். எழும்பினார்.

“நான் பெரிசாக் கதைக்கமாட்டன். இண்டைக்கு எனக்கு ஒரு விஷயம் வடிவா விளங்கிச்சுது. அணிந்துரை எழுதின ஐயாவும் அப்பிடித்தான் வாசிச்சவர். நடுவரும் அப்பிடித்தான். இப்ப நீங்கள் இவ்வளவு பேரும். ஒராளுக்கு விளங்காட்டிப் பரவாயில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பிழையா விளங்குதெண்டால், பிழை என்ரை எழுத்திலைதானே? நான் அதைத் திருத்திப்போட்டு அடுத்ததை எழுதுவம் எண்டு இவ்வளவு காலமும்... இனி வேண்டாம். இதோடை விடுவம் எண்டு நினைக்கிறன். வந்த எல்லாருக்கும் –”

“தவமலர், அன்னம் சாகேல்லை.”

என் குரல்தான். எப்போது எழும்பினேன் என்று தெரியவில்லை.

“சேர்...” என்றார் செல்வநாதன். “நாங்கள் கேள்வி நேரத்துக்குப் –”

“நீர் இரும். அன்னம் சாகேல்லை. கயிறு இழுக்கத்தான் கடலுக்கை இறங்கினவ. அது தெளிவா எழுதியிருக்கு. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். உங்கடை எழுத்திலை ஒரு பிழையும் இல்லை, தவமலர். அந்த நடுவர் நான்தான். நான் வாசிக்கேல்லை. அணிந்துரையைப் பார்த்துத்தான் எழுதினனான். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதன்முதலா வாசிச்சனான்.”

பதினொரு பேரில் பத்துப் பேர் என்னைப் பார்க்கவில்லை. தங்கள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் கடைசிப் பக்கத்தை மெதுவாகத் திறந்து பார்த்தார்.

தவமலருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறொன்று.

“வாசிக்கேல்லையோ?”

“இல்லை.”

“நீங்கள் வாசிச்சனீங்கள் எண்டெல்லோ நான் நம்பினனான்.”

என் பிரதியின் அணிந்துரைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். 

“அப்ப ஐயா?” என்று கேட்டார். அணிந்துரை எழுதியவரை.

“அவரும் கடைசி அத்தியாயத்துக்கு வரேல்லை. வந்திருந்தால் அப்பிடி எழுதியிருக்க ஏலாது. நானும் கனபேருக்கு அப்பிடித்தான் அணிந்துரை எழுதிக் குடுத்தனான்.”

“அணிந்துரை நேரை அச்சுக்கூடத்துக்குப் போனது, சேர். புத்தகமா வந்தாப்பிறகுதான் கண்டனான். வாசிச்சுப்போட்டு எனக்குத் தலை சுத்திச்சுது. ‘ஐயா, அவ சாகேல்லை’ எண்டு அந்தப் பெரிய மனுசனிட்டை ஆர் போய்ச் சொல்லுறது? பிறகு உங்கடை குறிப்பு வந்துது. ரெண்டு படிச்ச ஆக்கள். அப்ப நான் ஆர்?”

என் பக்கம் திரும்பினார். பிறகு, வாய்மொழிப் பரீட்சை வைப்பதுபோலக் கேட்டார்.

“கடைசிப் பக்கத்திலை கொண்டக்ரர் என்ன சொல்லுறான்?”

“மீன் கூடையை பஸ்ஸுக்கை ஏத்த ஏலாது எண்டு.”

“அன்னம்?”

“‘கூடை ஏறாட்டி நான் ஏறேல்லை. நான் மிதிபலகையை விட்டு இறங்காட்டி உன்ரை பஸ்ஸும் போகாது’ எண்டு சொல்லிப்போட்டு அதிலையே நிக்கிறா.”

“பிறகு?”

“பஸ் போகுது. கூடையோடை.”

தவமலரின் முகம் கொஞ்சம் இளகியது. “அது என்ரை பெரியம்மா, சேர். உண்மையா நடந்தது. பேரைக்கூட நான் மாத்தேல்லை. இப்பவும் இருக்கிறா. எண்பத்தெட்டு வயசு. உங்கடை குறிப்பை அவவுக்கு வாசிச்சுக் காட்டினனான். ‘ஆரடி உவர்? நான் அவருக்கு என்ன செய்தனான், என்னைச் சாக்காட்டுறதுக்கு?’ எண்டு கேட்டவ.”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அது நானாக இல்லாவிட்டால்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“அதைப் பிறகு பாப்பம்.” நீலப் பைலைத் திறந்தார். உள்ளே ஊசி குத்திய தாள்கட்டுகள். “இந்தக் கடைசி அத்தியாயத்தைப் பதினொரு தரம் திருப்பி எழுதியிருக்கிறன், சேர். அவ சாகேல்லை எண்டு சனத்துக்கு விளங்கப்பண்ண. ஒண்டிலை அவவைக் கொண்டே ‘நான் உயிரோடை இருக்கிறன்’ எண்டு சொல்லவும் வைச்சனான். ஆராவது பஸ்ஸிலை ஏறி நிண்டு அப்பிடிச் சொல்லுவினமோ? எனக்கே தெரியும் அது கூடாது எண்டு. எண்டாலும் எழுதினனான். இது சரிவராமல் அடுத்த புத்தகத்துக்குப் போகக் கை வரேல்லை.”

பன்னிரண்டு வருடம். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்த எட்டுப் புத்தகங்களில் ஒன்று.

பைலை என் கையில் வைத்தார்.

“இதுகள் எனக்கு இனித் தேவையில்லை. நீங்கள் வைச்சிருங்கோ.”

“நான் என்ன செய்யிறது?”

“வாசியுங்கோ. முழுசா.” கைப்பையைத் தோளில் போட்டார். “நான் வாறன். ஐஞ்சரை பஸ்ஸை விட்டால் பிறகு சரியான சனமா இருக்கும்.”

தன் கூட்டத்தில் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மற்றவர்கள் குடித்தோம். ஒருவரும் நாவலைப் பற்றிக் கதைக்கவில்லை. ஏலக்காய் கூடிப்போச்சு என்று கௌரி ரீச்சர் சொன்னார். செல்வநாதன் என்னருகில் வந்து, “சேர், அட்டவணையிலை என்ரை பச்சையை... ரெண்டு நாளைக்கு மஞ்சளாக்கி விடுறன்” என்றார். பாவம். அவர் ஒருவராவது மாற்றினார்.

பொழுதுபட ரொறன்ரோவிலிருந்து ஜெயந்தன் குழுவில் எழுதினார். அவர் கூட்டத்துக்கு வரவில்லை. என்ன நடந்ததென்றும் அவருக்குத் தெரியாது. “இன்றைய கலந்துரையாடல் மிகச் சிறப்பு என அறிந்தேன். அன்னத்தின் மரணம் நெஞ்சை விட்டு அகலவில்லை.” நான்கு கைகூப்புகள் விழுந்தன.

பஸ்ஸில் இருந்து தவமலர் பதில் எழுதினார். இத்தனை வருடத்தில் அவர் யாரையும் இப்படி நேரே மறுத்து எழுதி நான் கண்டதில்லை. “அவ சாகேல்லை. பதினான்கு பக்கம் மிச்சம் இருக்கு. வாசிச்சுப்போட்டு வாங்கோ.”

நாவலின் தலைப்பை நான் ஏன் இன்னும் சொல்லவில்லை என்று யோசிக்கிறீர்களா? சொன்னால் நாளைக்கே அதை நல்ல நாவல் என்று சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். வேண்டாம். தேடுகிறவர்கள் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

பைலில் இருந்த பதினொன்றையும் வாசித்து முடித்துவிட்டேன் – முதல் சொல்லிலிருந்து கடைசிப் புள்ளி வரை, இடையில் எழும்பாமல். ஏழாவதில்தான் அன்னம் பஸ்ஸில் நின்று, தான் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறா. அதை வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றவேண்டி வந்தது.

பதினொன்றில் ஒன்றுகூட, பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் மேசைக்கு வந்ததைவிட நல்லதாக இல்லை.